அந்த 600 வெள்ளி யார் கைக்குப் போனது?

எங்கள் வீட்டில் மாமா பழைய மஇகா, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ்காரர். கட்சி எந்தக் கூட்டணியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தக் கூட்டணியின் பட்ஜெட் அவருக்குத் தங்கம். மச்சான் பக்காத்தான் கூட்டணி ஆள், அவருக்கு 2018 தேர்தலுக்குப் பிறகு அந்தக் கூட்டணி ஆண்ட 22 மாதம் மட்டும்தான் நாடு நாடாக இருந்தது. பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை பசியாற உட்கார்ந்தால் ரொட்டி சானாய் ஆறுவதற்குள் பேச்சு 2020-க்குப் போய்விடும், கோவிட்டில் வேலை போன காலத்தில் பிரதமர் முகைதீன் அரசாங்கம் மக்களைக் காப்பாற்றியதா, கைவிட்டதா என்று. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது.

முதலில் வேலையின்மைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2020 மே மாதம் வேலையின்மை 5.3 விழுக்காடு, அதாவது 8 லட்சத்து 26 ஆயிரம் பேர். அதற்கு முன்னால் வருடக்கணக்காக 3.3 பக்கமே நின்றிருந்தது. சில மாதத்திலேயே 5-க்குக் கீழே இறங்கிவிட்டதே என்று மாமா மார்தட்டுவார். அதற்கு மச்சான் கேட்பது நியாயமான கேள்வி: கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்திருந்தாலே புள்ளிவிவரத் துறைக்கு நீங்கள் வேலையில் இருப்பவர், அப்படியானால் ஓட்டல் வேலை போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன் எந்தக் கணக்கில் வருகிறான்? ஆனால் பக்காத்தான் ஆண்டபோது வந்த 3.3-ம் இதே முறையில் எடுத்ததுதான், அதை மச்சான் சொல்லமாட்டார்.

சரி, விகிதத்தை விடுங்கள். அந்த வருடம் பணம் எந்தெந்த வழியில் வந்தது, முதலில் யார் கையில் விழுந்தது என்பதை வைத்துத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

சம்பள உதவித்தொகை முதலாளி கைக்குப் போனது. மார்ச் 27-ஆம் தேதி 250 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) பிரிஹாத்தின் நிவாரணத் திட்டம் என்று அறிவித்தார்களே, அதில் அரசாங்கம் நேரடியாகக் கையை விட்டுச் செலவழித்தது 25 பில்லியன்தான். மீதியில் பெரும்பகுதி வங்கித் தவணை ஒத்திவைப்பு, கடன் உத்தரவாதம், நம்முடைய சொந்தச் சேமிப்பு எல்லாம் சேர்த்துக் காட்டிய தொகை. மச்சான் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது சரிதான். சம்பள உதவி ஆளுக்கு மாதம் 600 வெள்ளி என்று தொடங்கி, சிறுதொழில்காரர்கள் போட்ட கூச்சலில் ஏப்ரல் 6-ஆம் தேதி மாறியது: 75 பேர் வரை வைத்திருக்கும் கம்பெனிக்கு ஆளுக்கு 1,200, அதற்கு மேல் 200 பேர் வரை 800, இன்னும் பெரிய இடத்துக்கு 600. மூன்று மாதத்துக்கு.

இதை ஒரே வாயால் திட்டவும் முடியாது, புகழவும் முடியாது. லிட்டில் இந்தியாவில் எட்டுப் பேரை வைத்து மளிகைக்கடை நடத்தும் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த 1,200 உயிர் கொடுத்தது, குறைந்தபட்சச் சம்பளமே அப்போது நகரத்தில் 1,200 என்பதால் சம்பளத்தைக் கிட்டத்தட்ட அரசாங்கமே கட்டிவிட்டது, அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆனால் இருநூறு பேருக்கு மேல் வைத்திருக்கும் கடற்கரை ஓட்டலுக்கு ஆளுக்கு 600 எந்த மூலைக்கு? அறையெல்லாம் காலி. உதவித்தொகை வாங்கினால் ஆட்களை நிறுத்தக்கூடாது என்று நிபந்தனை வேறு. ஆகவே சில இடங்களில் என்ன செய்தார்கள் என்றால், நிறுத்தவில்லை, ‘விலக’ வைத்தார்கள்.

என் சித்தி மகன் கதை அதுதான். பத்து பெரிங்கியில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் ஏழு வருடம். அடிப்படைச் சம்பளத்தோடு சர்வீஸ் பாயிண்ட் (விருந்தாளிகள் கட்டும் சேவைக் கட்டணத்தில் வரும் பங்கு) சேர்ந்து மாதம் 1,800 பக்கம் வரும். ஆள் வராத ஓட்டலில் பாயிண்ட் பூஜ்யம், அது முதல் அடி. ஜூன் மாதம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள், மலாயில் நான்கே வரி, மூன்றாவது வரியில் ‘சொந்தக் காரணங்களுக்காக’. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் இன்றே, போடாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு, எத்தனை மாதம் என்று தெரியாது. வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. போட்டுவிட்டான்.

அந்த ஒரு வரியால் அவன் இழந்தது என்ன என்று பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எஸ்ஐபி என்கிற வேலைக் காப்புறுதி. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான் நடத்துகிறது. அப்போது வேலை போனவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. 1,800 வெள்ளிக்காரன் ஆறு மாதமும் வாங்கினால் ஏறத்தாழ 4,900 வெள்ளி, நேராக அவன் வங்கிக் கணக்குக்கு, முதலாளியின் தயவு தேவையில்லை. ஆனால் ஆட்குறைப்பில் போனவருக்குத்தான். தானாக விலகியவருக்குக் கிடையாது. அவனுடைய தாளில் அவன் தானாக விலகியவன்.

இந்த எஸ்ஐபி யாருடைய பிள்ளை என்பதில்தான் மாமாவும் மச்சானும் அதிகம் மோதுவார்கள். சட்டம் 2017-இல் பிரதமர் நஜிப்பின் பாரிசான் ஆட்சிக் காலத்தில் வந்தது, 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்தது, ஆக மாமாவுக்குப் பெருமை. அந்த மே மாதமே ஆட்சி மாறி பக்காத்தானில் இருக்கும் ஜசெக கட்சியின் குலசேகரன் மனிதவள அமைச்சர், அவர் காலத்தில் வளர்ந்தது என்று மச்சான். 2020 மார்ச்சில் மஇகாவின் சரவணன் அந்த நாற்காலிக்கு வந்தார், மாமாவுக்கு மறுபடி பெருமை. தமிழ் அமைச்சர் மாற்றித் தமிழ் அமைச்சர் என்பதால் நம் ஆட்களிடம் இந்தப் பேச்சுக்குச் சூடு அதிகம். இரண்டு பேரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது: ஆரம்பத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்கு 0.5 விழுக்காடு கட்டவேண்டும் என்றுதான் மசோதா வந்தது. முதலாளிகள் சம்மேளனம் எதிர்த்தது, 0.2 ஆகக் குறைத்தார்கள். நோய்த்தொற்று வருவதற்கு இரண்டே வருடம் முன்னால் இதைத் தண்டச்செலவு என்று பேசியவர்கள்தான் 2020-இல் உதவித்தொகைக்கு வரிசையில் நின்றார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உருப்படியானது இதுதான். அப்பா 1986-இல் பிறைத் தொழிற்சாலையில் வேலை இழந்தபோது இப்படி ஒன்று கிடையாது, அப்போது வேலையின்மை 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, ஒரு பையோடு சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டார். குறை என்னவென்றால் சொக்சோ கட்டாதவருக்கு எஸ்ஐபி இல்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கும் கல்யாண மேளக்காரருக்கும் பிபிஎன் என்கிற அரசாங்க நிவாரண ரொக்கம் மட்டும்தான்: மாதம் 4,000-க்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துக்கு ஏப்ரலில் 1,000, மே மாதம் 600. அது போதவில்லை, ஆனால் கேள்வி கேட்காமல் வந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

கடன் தவணையை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒத்திவைத்ததும் அப்படித்தான், நல்ல காரியம். அதை எல்லோருக்கும் இன்னும் ஆறு மாதம் நீட்டு என்று பக்காத்தானின் முன்னாள் நிதியமைச்சர் லிம் குவான் எங் கத்தியதிலும் தப்பில்லை.

அப்புறம் இபிஎஃப், அதாவது தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமநிதி. இதுதான் கூட்டத்துக்குப் பிடித்தது, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. அதிலிருந்து பணம் எடுக்க ஒவ்வொரு திட்டமாக வந்தது: ஐ-லெஸ்தாரியில் மாதம் 500, பன்னிரண்டு மாதம். பிறகு ஐ-சினாரில் அதிகபட்சம் 60,000 வரை, 2021-இல் ஐ-சித்ராவில் 5,000, 2022-இல் சிறப்பு என்று 10,000. மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. ஓய்வுகாலத்துக்கென்று பூட்டிவைத்த முதல் கணக்கைத் திறந்துவிடு என்று பலமாகக் குரல் கொடுத்தவர் நஜிப், அவர் கட்சி அப்போது அரசாங்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு. உன் பணத்தை உனக்கே கொடுத்துவிட்டு உதவி என்று பெயர் வைப்பது, கடையில் நம் சில்லறையை நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு அன்பளிப்பு என்பது மாதிரி. எல்லாம் எடுத்து முடித்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பு 10,000 வெள்ளிக்குக் கீழே. சித்தி மகனும் அதில் ஒருவன், எஸ்ஐபி கிடைத்திருந்தால் எடுத்திருக்கமாட்டான் என்று அவனே சொல்வான்.

2022 நவம்பரில் பக்காத்தான் தலைவர் அன்வார் பிரதமரானார், நிதியமைச்சும் அவரிடமே. மறுபடி இபிஎஃப் எடுக்க விடமாட்டேன் என்றார். பாருங்கள், முதுகெலும்புள்ள தலைவர் என்று மச்சான் பூரித்துப்போனார். மாமா என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் மாமாவின் பாரிசான் கூட்டணியும் அதே அரசாங்கத்துக்குள் வந்துவிட்டது, இப்போது இரண்டு பேரும் ஒரே பக்கம். அதனால்தான் சண்டைக்கு 2020 தேவைப்படுகிறது.

2024 மே மாதம் இபிஎஃப்பில் மூன்றாவது கணக்கு திறந்தார்கள், மாதம் கட்டுவதில் 10 விழுக்காடு அதில் விழும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இது வேறு, அது வேறு என்று மச்சான் அரை மணி நேரம் விளக்கினார், மாமாவும் தலையாட்டினார். சித்தி மகன் இப்போது பிறையில் லோரி ஓட்டுகிறான். தே தாரேக்குக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் மூன்றாவது கணக்கைத் திறந்து 300 வெள்ளி எடுத்துவிட்டு, காடிக்கு டயர் மாற்றவேண்டும் என்று எழுந்து போனான்.