டுய்சி டீச்சரின் கிஸ்ட் வகுப்பு: 30 பாடம் முடித்தவனின் கருத்து

மதுரையில் மகால் பக்கம் எங்களுக்குச் சுங்குடிக் கடை. ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறக்க இரவு ஏழரை ஆகிவிடும். டீச்சர் இருக்கும் ஜார்ஜியா நாடு நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அதனால் அங்கே அப்போது மாலை ஆறு மணி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அந்த நேரத்தில் எனக்கு கிஸ்ட் வகுப்பு. ஆன்லைனில் மொழி டீச்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தின் வழியாகச் சேர்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு 900 ரூபாய். முப்பது வகுப்பு முடிந்துவிட்டது, இனி நம்பிச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கிஸ்ட் என்பது செச்சென் மொழியின் ஒரு வட்டார வழக்கு. பேசுகிறவர்களுக்கும் கிஸ்ட் என்றே பெயர். இவர்கள் இருப்பது ரஷ்யாவைச் சேர்ந்த செச்சென்யாவில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இவர்களுடைய முன்னோர்கள் காக்கசஸ் மலையைத் தாண்டித் தெற்கே வந்து, ஜார்ஜியாவின் பான்கிசி பள்ளத்தாக்கில் அலசானி ஆற்றோரம் குடியேறினார்கள். டுய்சி, ஜோக்கோலோ, பிர்கியானி, ஓமாலோ என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஊர்கள்தான். மொத்த ஜனமும் சில ஆயிரம் பேர். பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் ஜார்ஜிய மொழி. வீட்டுக்குள் கிஸ்ட். பல குடும்பப் பெயர்களின் கடைசியில் ஜார்ஜியர்களைப் போலவே 'ஷ்விலி' ஒட்டியிருக்கும்.

மதுரைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகன் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் எம்பிபிஎஸ் படிக்கிறான். லீவில் நண்பர்களோடு பான்கிசிக்குப் போய் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கினான். திரும்பியதும் போனில் சொன்னான்: "அப்பா, அவங்களும் நம்மள மாதிரிதாம்ப்பா. வெளிய ஒரு பாஷை, வீட்டுக்குள்ள ஒரு பாஷை." நாங்கள் சௌராஷ்டிரர்கள். கடையில் தமிழ், அடுப்படியில் சௌராஷ்டிரம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே தேட ஆரம்பித்தேன்.

தேடியது லேசில் கிடைக்கவில்லை. அந்தத் தளத்தில் 'செச்சென்' என்று ஒரே ஒரு தலைப்பு, வழக்கு எது என்று குறிப்பிட இடமே இல்லை. டீச்சர் தன் அறிமுகத்தில் "நான் டுய்சி ஊர்க்காரி" என்று ஒரு வரி போட்டிருந்ததால் கண்ணில் பட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கும் எனக்கும் இடையில் இருப்பது அரைகுறை ஆங்கிலம், அதுவே போதுமாக இருக்கிறது.

முதல் வகுப்பே வணக்கம் சொல்வதில் போய்விட்டது. வருகிற ஆணிடம் 'மர்ஷ வோகீல', பெண்ணிடம் 'மர்ஷ யோகீல', கூட்டமாக வந்தால் 'மர்ஷ தோகீல'. சுதந்திரமாக, நல்லபடியாக வாருங்கள் என்று அர்த்தம். சொல்லின் தலை மட்டும் மாறுவதைக் கவனியுங்கள். அப்பா வந்தால் வினை 'வ'வில் தொடங்கும், அம்மா வந்தால் 'ய'வில், குழந்தை வந்தால் 'த'வில். நாம் வருகிறான், வருகிறாள், வருகிறது என்று வாலை மாற்றுகிறோம், அவர்கள் தலையை மாற்றுகிறார்கள். இதை நான் சொன்னதும் டீச்சர் தமிழில் அந்த மூன்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நமக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிற 'நாம்' அவர்களுக்கு 'வய்', கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்கிற 'நாங்கள்' அவர்களுக்கு 'த்கோ'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்றார் டீச்சர். எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செச்சென்களையும் அவர்களுக்கு நெருங்கிய உறவான பக்கத்து இனம் இங்குஷ்களையும் சேர்த்து 'வய்நாக்' என்பார்களே, அதிலும் இருப்பது இந்த 'வய்'தான். நம் சனங்கள் என்று பொருள்.

கஷ்டம் ஒலியில் இருக்கிறது. இருபதுக்கு அவர்கள் சொல்வதை நம் எழுத்தில் 'ட்க்கா' என்று எழுதலாம், ஆனால் அது அது இல்லை. தொண்டையை அடைத்து, மூச்சை விடாமல், சத்தத்தை மட்டும் வெடிக்க வைக்க வேண்டும். டீச்சர் ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிக் காட்டினார். காகிதம் லேசாகத்தான் அசைந்தது. நான் சொன்னபோது என் காகிதம் பறந்தது. கடையில் சேலைக்கு நடுவே வைக்கிற டிஷ்யூ தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு நான்கு வாரம் பழகினேன். ஐந்தாம் வாரம் "இப்போது சரி" என்றார். ஒவ்வொரு தடவையும் கேமராவை வாய்க்கு அருகே கொண்டுபோய், நாக்கு எங்கே நிற்கிறது என்று காட்டிய பொறுமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அந்த இருபதை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கற்க வேண்டும் என்றால், கணக்கே அதன் மேல்தான் நிற்கிறது. நாற்பது என்பது இரண்டு இருபது, அறுபது மூன்று இருபது, ஐம்பது என்றால் நாற்பதும் பத்தும். ஜார்ஜிய மொழியிலும் இதே முறைதானாம். எங்கள் கடையில் மடித்த சேலையை இருபது இருபதாகத்தான் கட்டுவோம். இப்போது கட்டு எண்ணும்போது மனசுக்குள் கிஸ்ட் ஓடுகிறது.

இந்த வகுப்பை நான் மனதாரச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் வேறு. எழுத்துச் செச்சென் சமவெளி வழக்கை வைத்து உருவானது. கிடைக்கிற பாடப் புத்தகமும் அதுவே, எழுத்து ரஷ்ய மொழிக்கு எழுதுகிற சிரிலிக். அதோடு, ரஷ்யாவில் இருக்கும் செச்சென்கள் ரஷ்யச் சொல்லைக் கடன் வாங்கும் இடத்தில் கிஸ்ட்கள் ஜார்ஜியச் சொல்லை வாங்குவார்கள். டீச்சர் நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் 'புத்தகத்தில்', வலது பக்கம் 'எங்கள் வீட்டில்' என்று எழுதுகிறார். மனப்பாடம் செய்ய வேண்டியது வலது பக்கம்.

ஏன் இப்படி என்று கேட்டேன். 1999இல் ரஷ்யப் படையோடு நடந்த போரின்போது செச்சென்யாவிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் பான்கிசிக்கு வந்தார்கள். டீச்சர் அப்போது சிறுமி. பக்கத்தில் உட்கார்ந்த அகதிப் பெண் இவர் பேசியதைக் கேட்டு, "நீ பேசுவது சரியான நோக்சி பேச்சே இல்லை" என்றாளாம். செச்சென் மொழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் நோக்சி மோட். அன்று வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அழுததாகச் சொன்னார். பாட்டி சொன்ன பதில்: "அவள் அவளுடைய அம்மா மாதிரிப் பேசுகிறாள், நீ உன் அம்மா மாதிரிப் பேசு." 1944 பிப்ரவரி 23 அன்று செச்சென், இங்குஷ் மக்களை ஸ்டாலின் அரசு ஒட்டுமொத்தமாகச் சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. 1957க்குப் பிறகுதான் அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. ஜார்ஜியாவில் இருந்ததால் கிஸ்ட்கள் அதில் சிக்கவில்லை. அந்தப் பாட்டி பிறந்த வீட்டிலேயே கடைசிவரை இருந்தவர். வலது பக்கத்துச் சொற்களில் பாதி அவர் வாயிலிருந்து வந்தவை.

இது என் மனசைத் தொட்டது. எங்கள் பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஏறிவிட்டது, இது கலப்படம் என்று கேலி கேட்டே வளர்ந்தவன் நான். சொந்த எழுத்து இருந்தும் எங்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம். டீச்சரின் அந்த நடுக்கோட்டைப் பார்த்த பிறகு நானும் ஒரு நோட்டு வாங்கி, என் அம்மா சொல்லும் சொற்களை வலது பக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டீச்சர் மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, முக்கியமாகத் தளத்தின் மேல்தான். பத்து வகுப்பாகத்தான் காசு கட்ட வேண்டும், 60 நாளில் முடிக்காவிட்டால் மிச்சம் போய்விடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் எனக்கு இரண்டு வகுப்பு அப்படிப் போனது. இன்னொரு தடவை டுய்சியில் பனியால் கரண்ட் போய்விட்டது. டீச்சர் வராத கணக்கில் எழுதி அவர் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். நான் மூன்று கடிதம் போட்டும் சரிசெய்யவில்லை. சிரமப்பட்டுப் பாடம் எடுக்கும் ஒருவருக்கு இது பெரிய அநியாயம்.

அப்புறம், டீச்சர் அச்சிட்ட பாடம் எதுவும் தரமாட்டார். கையால் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார், அவ்வளவுதான். ஒழுங்கான இலக்கண அட்டவணை வேண்டும் என்பவர்களுக்கு எரிச்சல் வரலாம். செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னியின் செய்தி கேட்டுப் புரிய வேண்டும் என்பவர்களும் வேறு டீச்சரைப் பார்ப்பது நல்லது.

அடுத்த பத்து வகுப்புக்குக் கட்டிவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் தலைக்கு 600 ரூபாய்தான். மதுரையில் யாருக்காவது ஆசை இருந்தால் சொல்லுங்கள், மாடியில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது. டிஷ்யூ தாளும் நிறைய இருக்கிறது.