ரோமில் ஒரு சனி, ஞாயிறு: கொலோசியமா, வாட்டிகனா?

இரண்டு நாளில் இரண்டையும் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், இரண்டிலும் வரிசையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்வதே நல்லது. என் ஓட்டு கொலோசியத்துக்கு.

வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைய கூட்டத்தைச் சொல்லி மாளாது. ஆக, மிஞ்சுவது சனிக்கிழமை. 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ வரைந்த, அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியத்துக்கு ஈடில்லைதான். ஆனால் அதைப் பார்க்க நீண்ட தாழ்வாரங்களில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உள்ளே படம் எடுக்கவும் கூடாது. ஓவியப் பித்து இருந்தால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சும்மா பார்க்கப் போகிறவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

கொலோசியம் டிக்கெட்டிலேயே பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரமும், பக்கத்தில் அரண்மனை இடிபாடுகள் இருக்கும் பலாத்தினோ குன்றும் அடக்கம். கொலோசியம், கி.பி. 80-இல் ரோமப் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த அரங்கம். சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்பை இடைக்காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன தடம் அது. அரங்கத்தைவிட எனக்கு ஃபோரம்தான் பிடிக்கும். அங்கே பேரரசர் அந்தோனினஸ் பெயரிலுள்ள கோயிலைப் பாருங்கள்: பிற்காலத்தில் தேவாலயமாக்கி, மண் மேடிட்டிருந்த அன்றைய தரைமட்டத்தில் கதவு வைத்தார்கள். பிறகு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டதால், கதவு இப்போது அந்தரத்தில் நிற்கிறது! சற்றுத் தள்ளி ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம். இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதற்காக வாட்டிகனை அடியோடு விட வேண்டாம். புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணம் கிடையாது. சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விட்டால் நிம்மதியாகப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். 1972-இல் ஒருவன் சுத்தியலால் உடைத்த, இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் பியெத்தா சிலை இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி ஏறியே ஆக வேண்டும். முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு முழுக்க ஃபோரம் பக்கம். மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் மட்டும் சனியையும் ஞாயிறையும் மாற்றிக்கொள்ளுங்கள். அன்று கொலோசியத்துக்கு இலவசம், கூட்டம் அள்ளும். மற்ற ஞாயிறுகளுக்கு முன்பதிவு அவசியம். டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். அங்கே நிழல் குறைவு. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், தெருக்குழாய்த் தண்ணீரே குடிக்க நன்றாக இருக்கும்.