ஒயரா, ஹாட்ஸ்பாட்டா, ப்ளூடூத்தா? போன் நெட்டில் கணினியை ஓட்ட எது சரி

வீடு மாறியபோது புது இடத்துக்கு பிராட்பேண்ட் இணைப்பு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை அலுவலக வேலை மொத்தமும் போன் நெட்டில்தான் ஓடியது. முதல் வாரம் எல்லோரையும் போல ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் போன் கையில் எடுக்க முடியாத அளவுக்குச் சுடும், சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், மீட்டிங்கில் பேசினால் "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்பார்கள். இரண்டாவது வாரம் கேபிளுக்கு மாறினேன். சார்ஜ் பிரச்சினை தீர்ந்தது, குரல் பிரச்சினை தீரவில்லை. மூன்றாவது வாரம் மறுபடி ஹாட்ஸ்பாட்டுக்கே வந்தேன், ஆனால் போனை வேறு இடத்தில் வைத்து. குரலும் சரியானது, சூடும் குறைந்தது. ஏன் என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இந்த ஒப்பீடு.

போனின் டேட்டாவைக் கணினிக்குக் கொடுக்க மூன்று வழிகள்: வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி டெதரிங், ப்ளூடூத் டெதரிங். மூன்றும் பழையவைதான். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட்டும் யூஎஸ்பி டெதரிங்கும் 2010-இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே இருக்கின்றன. ஐபோனில் கேபிளும் ப்ளூடூத்தும்தான் 2009-இல் முதலில் வந்தன, வைஃபை 2011-இல் சேர்ந்துகொண்டது. இருந்தும் பலருக்கு ஹாட்ஸ்பாட் ஒன்றுதான் தெரியும்.

வேகம் எங்கே தேங்குகிறது?

எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். காகிதத்தில் பார்த்தால் பதில் சுலபம். சாதாரண யூஎஸ்பி 2.0 இணைப்பின் உச்சவேகம் 480 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்). ஒற்றை ஆன்டெனாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வைஃபை 4 தரத்தில் 72 எம்பிபிஎஸ் காட்டும். கைக்கு வருவது அதில் பாதிக்குச் சற்று மேலே. 5 கிகாஹெர்ட்ஸில் இது பல மடங்கு ஏறும். ப்ளூடூத்துக்கு உச்சமே 3 எம்பிபிஎஸ், நடைமுறையில் 2 வந்தால் பெரிது.

ஆனால் இவையெல்லாம் போனுக்கும் கணினிக்கும் இடையிலான வேகம். அதற்கு முன்னால் இன்னொரு தாண்டல் இருக்கிறது: டவரிலிருந்து போனுக்கு. டவரிலிருந்து 15 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால், அதைக் கணினிக்குக் கொண்டுபோகும் குழாய் 72 ஆக இருந்தால் என்ன, 480 ஆக இருந்தால் என்ன? இரண்டிலும் 15தான் வரும். கேபிள் மாட்டினால் நெட் பறக்கும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. நல்ல 5ஜி சிக்னலில், நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் வரும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

உங்கள் விஷயத்தில் எது தடை என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் போனிலேயே ஒரு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள், பிறகு அதே இடத்தில் கணினியில் ஓட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால் போனுக்கும் கணினிக்கும் நடுவில் கோளாறு இல்லை, குற்றவாளி டவர் பக்கம். கணினியில் மட்டும் பாதியாகக் குறைந்தால் வைஃபை பக்கம் பார்க்க வேண்டும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கணினியில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, நெட்வொர்க் விவரத்தில் 'டீஃபால்ட் கேட்வே' என்று காட்டும் முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது ஒரு சின்னச் செய்தியை அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து பாருங்கள். அந்த முகவரி உங்கள் போன்தான். கேபிளில் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் பதில் வந்துகொண்டே இருக்கும். வைஃபையில் 3, 4, 3, திடீரென்று 60, மறுபடி 4 என்று துள்ளினால், உங்கள் குரல் விட்டு விட்டுப் போவதற்குக் காரணம் அந்த 60தான். மொத்த வேகம் நன்றாக இருந்தாலும் இந்தத் துள்ளல் மீட்டிங்கைக் கெடுக்கும்.

துள்ளல் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வரும். அந்த அலைவரிசையில் பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும்கூட அங்கே இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியிருக்கிறது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். புதிய ஐபோன்களில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்தால் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கிவிடும், பழைய கணினி இணைய மறுத்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

போன் உட்காரும் இடம்

என் மேஜை இருந்தது வீட்டின் நடு அறையில். போனில் 'அபவுட் போன்' பகுதிக்குள் சிம் நிலையைப் பார்த்தால் சிக்னலின் அளவு எண்ணாகவே தெரியும். மேஜையில் மைனஸ் 112 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்). போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். ஜன்னல் விளிம்பில் மைனஸ் 97. பார்க்கச் சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் இது மடக்கைக் கணக்கு, 15 டெசிபல் கூடினால் வந்து சேரும் சக்தி ஏறத்தாழ 30 மடங்கு கூடுகிறது என்று அர்த்தம்.

குரல் விட்டு விட்டுப் போனதற்கும் சூட்டுக்கும் விடை இங்கேதான் இருந்தது. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டியிருக்கிறது. 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை ஒலிபரப்பலாம், நல்ல சிக்னலில் அதில் மிகச் சிறு பங்கே போதும். நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் சூடாகாமல் என்ன செய்யும்? நான் ஹாட்ஸ்பாட்டின் வைஃபைதான் போனைச் சுட வைக்கிறது என்று நினைத்துக் கேபிளுக்குப் போனேன். உண்மையில் சூட்டில் பெரும்பங்கு போனுக்குள் டவரோடு பேசும் மோடமுடையது. கேபிள் போனை மேஜையோடு கட்டிப்போட்டதால் அந்தப் பங்கு அப்படியே இருந்தது.

ஆகவே ஹாட்ஸ்பாட்டின் நிஜமான பலம் வசதியோ பல கருவிகளை இணைப்பதோ அல்ல, போனை எங்கே சிக்னல் இருக்கிறதோ அங்கே வைத்துவிட்டு நீங்கள் வேறு இடத்தில் உட்காரலாம் என்பதுதான். ஒரு சுவர் தாண்டி ஐந்தாறு மீட்டர் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தாங்கும். அதற்கு மேல் சுவர்கள் வந்தால் 2.4-தான் கதி. கேபிளை நீட்டலாமே என்றால், யூஎஸ்பி 2.0-வுக்கு 5 மீட்டர்தான் எல்லை, மலிவான கேபிள் அதற்கு முன்பே தகராறு செய்யும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஜன்னல் விளிம்பில் வெயில் அடிக்கும். போன் சார்ஜும் ஏறி, ஹாட்ஸ்பாட்டும் ஓடி, வெயிலும் பட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். திரைச்சீலைக்கு உள்பக்கம் நிழலில் வையுங்கள்.

கேபிள் ஜெயிக்கும் இடங்கள்

உட்காரும் இடத்திலேயே சிக்னல் நன்றாக இருந்தால் நான் யோசிக்காமல் கேபிளைத்தான் சொல்வேன். துள்ளல் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் உங்கள் பெயர் போட்ட ஹாட்ஸ்பாட் தெரிவதும் இல்லை. சார்ஜும் கூடவே ஏறும். எவ்வளவு ஏறும் என்பது கணினியின் துளையைப் பொறுத்தது: யூஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 2.5 வாட், 3.0 துளை 4.5 வாட். பல போன்களுக்கு இது இருப்பதைக் காப்பாற்றும் அளவுதான். மின்சாரம் இல்லாதபோது இதே விஷயம் திரும்பிக் கடிக்கும், ஏனென்றால் போன் குடிப்பது லேப்டாப்பின் பேட்டரியை.

கேபிளுக்கு இன்னொரு பயன் உண்டு, அதிகம் பேர் கண்டுகொள்ளாதது. ஆண்ட்ராய்டு போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்தும். அதாவது போன் ஒரு வைஃபை அடாப்டர் ஆகிவிடும். புதிதாக லினக்ஸோ விண்டோஸோ நிறுவிய கணினியில் வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) இல்லை, டிரைவரை இறக்க நெட் இல்லை என்று முழித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். டேட்டாவும் செலவாகாது.

அலுப்புகளும் இருக்கின்றன. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் பத்தில் எட்டு முறை கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்களில் டேட்டா ஒயர்களே இருக்காது. வேறு கேபிளை மாற்றிப் பார்த்த பிறகு மற்றதைச் சந்தேகப்படுங்கள். ஆண்ட்ராய்டில் கேபிளை ஒருமுறை பிடுங்கினால் டெதரிங் அணைந்துவிடும், திரும்ப மாட்டி மறுபடி ஆன் செய்ய வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதை யூஎஸ்பி டெதரிங்குக்கு மாற்றிவைத்தால் இந்தத் தொந்தரவு இல்லை. அப்புறம் ஜோடிப் பொருத்தம். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் ஒத்துப்போகும், ஆண்ட்ராய்டும் லினக்ஸும் இன்னும் நன்றாகவே ஒத்துப்போகும். ஐபோனை மேக்கில் மாட்டினால் பேச்சே இல்லை, விண்டோஸில் மாட்ட ஆப்பிளின் டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு, மேக் ஜோடிதான் சிக்கல். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேசும் ஆர்என்டிஐஎஸ் என்ற மொழி மைக்ரோசாஃப்டுடையது, மேக்குக்கு அது தெரியாது. அந்த ஜோடி வைத்திருப்பவர்கள் ஹாட்ஸ்பாட்டோடு சமாதானமாகப் போவதே நல்லது.

ப்ளூடூத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பேட்டரி குறைவாகச் செலவாகும், வேகம் அதைவிடக் குறைவு. போனில் 10 சதவீதம் சார்ஜ் இருக்கிறது, கேபிள் இல்லை, ஒரு மெயில் அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலையில் நினைவுக்கு வர வேண்டிய வழி. வீடியோ என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

டேட்டா கரைவது

மூன்று வழியிலும் செலவாகும் டேட்டா ஒன்றேதான். வித்தியாசம், கணினி என்ன நினைத்துக்கொள்கிறது என்பதில். யூஎஸ்பி டெதரிங்கை விண்டோஸ் 'ஈதர்நெட்' என்று காட்டும். அதாவது அளவில்லாத ஒயர் இணைப்பு கிடைத்துவிட்டது என்று நம்பி அப்டேட், கிளவுட் போட்டோக்கள், கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் தாராளமாக அவிழ்த்துவிடும். கேபிளில் ஒரு மாலைக்குள் அன்றைய டேட்டா காலியான பிறகுதான் எனக்கு இது உறைத்தது. நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்து 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவுள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் இணைப்புக்கும் தனியாக ஒருமுறை செய்ய வேண்டும், ஒன்றுக்குச் செய்தது மற்றதற்குப் பொருந்தாது. மேக்கில் 'லோ டேட்டா மோட்' இதே வேலையைச் செய்யும். கணக்குக்கு ஒரு அளவுகோல்: விடாமல் 1 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 450 எம்பி (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). பின்னணியில் எது எவ்வளவு இழுக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டால் தூக்கம் கலையும்.

போனில் விபிஎன் (போக்குவரத்தை மறையாக்கி அனுப்பும் இணைப்பு) ஓடுகிறது, அதனால் கணினியும் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பொதுவாக அப்படி இல்லை. டெதரிங்கில் போகும் கணினியின் போக்குவரத்து போனின் விபிஎன்னுக்குள் நுழையாது, விபிஎன்னைக் கணினியிலேயே போட வேண்டும். அதேபோல வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பது, கேம் சர்வர் நடத்துவது போன்றவை மொபைல் நெட்டில் பெரும்பாலும் நடக்காது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாது. கேபிளுக்கு மாறினாலும் இது மாறாது.

நாலாவது வழி

நாள்கணக்கு மாதக்கணக்கானால் சிம் போடும் தனி ரவுட்டர் அல்லது டாங்கிளை (யூஎஸ்பி துளையில் செருகும் சின்னக் கருவி) பார்க்கலாம். வேகத்துக்காக அல்ல. போன் உங்களோடு நடந்துபோகும், அதோடு வீட்டு நெட்டும் நடந்துபோகும். நான் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் வீட்டில் ஒருவரின் ஆன்லைன் வகுப்பு அறுந்து, அதற்கு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. பழைய போன் ஒன்றையே இதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றும். சில வாரங்களுக்குச் சரி. இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்து, சூட்டிலேயே வேகும் பழைய பேட்டரி உப்ப ஆரம்பிக்கும், முதுகு மூடி லேசாக எழும்புகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ரவுட்டருக்கு அந்தக் கவலை இல்லை, வீட்டில் வைக்கும் வகைகளில் பேட்டரியே கிடையாது. சிலவற்றில் வெளி ஆன்டெனா மாட்டவும் துளை இருக்கும்.

நான் ரவுட்டர் வரை போகவில்லை. நான்காவது வாரம் மேஜையைத் தூக்கி அந்த ஜன்னலோரம் போட்டேன், கேபிளைத் திரும்ப மாட்டினேன். பிராட்பேண்ட் வந்த பிறகும் மேஜை அங்கேதான் இருக்கிறது.