தாத்தாவின் சிறைக்காலம்: வெலிங்டனா, பெங்களூரா, ஜெனீவாவா?

அப்பாவைப் பெற்ற தாத்தா 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர். குன்னூர் வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் மட்டும் பேரப்பிள்ளைகளுக்குத் திட்டு விழும். அவருடைய ராணுவக் காகிதத்தைத் தேடி நான் அலைந்த மூன்று வழிகள் இவை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம், ஐந்து நிமிட வேலை. ஆனால் இறந்தவர்கள் மட்டும்தான் அதில் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ள 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் உங்கள் வீட்டுப் பெயர் இருந்தால் அங்கேயே கிடைத்துவிடும். தாத்தா திரும்பி வந்தவர், அதனால் எனக்கு உதவவில்லை.

அடுத்து ஜெனீவா, செஞ்சிலுவைச் சங்க ஆவணக் காப்பகம். ஆண்டுக்குச் சில முறைதான், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் விண்ணப்பம் வாங்குவார்கள். நான் ஒரே தடவைதான் போட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அதை வைத்து மட்டமாகச் சொல்ல மாட்டேன். போர்க்கைதிகளைப் பற்றிய 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர, அதை உறுதி செய்யவில்லை; அதனால் ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர்களைப் பற்றி அங்கே தகவல் குறைவு. உங்கள் தாத்தா வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடமோ இத்தாலியரிடமோ பிடிபட்டவர் என்றால் முதலில் இங்கேயே கேளுங்கள்.

என் ஓட்டு ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்குத்தான். நீலகிரிக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல நானும் பக்கத்தில் இருக்கிறதே என்று நேரே வெலிங்டனுக்குப் போனேன். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்ட், காலாட்படை. தாத்தாவோ சேப்பர், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர்; அவர் காகிதம் இருக்க வேண்டிய இடம் பெங்களூர். ஒரு பஸ் டிக்கெட்டும் அரை நாளும் போச்சு.

பெங்களூருக்கு எழுதும் முன் ஒன்று தேவை: படை எண். எல்லாமே அதில்தான் நிற்கிறது. பெயரை வைத்துத் தேடவே முடியாது. முத்துசாமி என்பதை அந்தக் காலத்து எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். அப்பா பெயர் சில தாளில் முன்னால் வரும், சிலதில் வரவே வராது. ஊர் என்ற இடத்தில் வெறும் ‘நீலகிரி’ என்றிருக்கும். எண் மட்டும் மாறாது. டிஸ்சார்ஜ் புக் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போய்விட்டது. கடைசியில் எண் கிடைத்தது பாட்டியின் டிரங்குப் பெட்டியில். இரண்டாம் உலகப் போர் வீரரின் மனைவி என்று மாநில அரசு தந்த மாத உதவித்தொகைக்கு அவர் போட்ட மனுவின் நகலில், மூலையில், நீல மையில். அப்படி ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எழுதிப் பல மாதம் கழித்து ஷீட் ரோல், அதாவது அவருடைய பணிப் பதிவுத் தாளின் நகல் வந்தது. 1942-இல் ‘காணவில்லை’. அதற்கு அடுத்த வரியே 1945, ‘மீட்கப்பட்டார்’. நடுவில் உள்ள மூன்றரை வருடத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை. ஜெனீவாவுக்கு மறுபடி எழுதப் போகிறேன், இந்தத் தடவை எண்ணோடு.