மானியம் வாங்கித் தருகிறேன் என்றவனிடம் போன 1,850 டாலர்

நேற்று இரவு பதினொன்றரைக்கு வந்த மின்னஞ்சல் ‘அன்புள்ள வாடிக்கையாளருக்கு’ என்று தொடங்கியது. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே ஆள் என்னை வாய் நிறைய ‘அண்ணா’ என்று கூப்பிட்டான். அந்த அண்ணாவுக்கும் இந்த வாடிக்கையாளருக்கும் நடுவில் எங்கள் பள்ளியின் 1,850 டாலர் காணாமல் போயிருக்கிறது. இன்னொரு அமைப்பு மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். 501(சி)(3), அதாவது வரிவிலக்கு உள்ள லாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு உண்டு. ஆண்டு வரவு ஐம்பதாயிரம் டாலரைத் தொடாது என்பதால் வரித்துறைக்கு 990-என் என்ற சுருக்கமான ஆண்டுப் படிவம் மட்டும் போடுகிறோம். நான் பொருளாளர். எங்கள் கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்ற உள்ளூர் அறக்கட்டளை சிறிய அமைப்புகளுக்கு மானியம் அறிவித்திருந்தது. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்த்து உதவ ஒரு திட்டம் வைத்திருந்தோம், அதற்குக் கேட்கலாம் என்று முடிவு. கமிட்டியில் ஐந்து பேர். ஒருவருக்கும் விண்ணப்பம் எழுதிப் பழக்கமில்லை.

தேடியதில் மானிய விண்ணப்பம் எழுதித் தரும் இணையச் சேவை ஒன்று கிடைத்தது. பெயர் போடவில்லை. என்மேல் வழக்குப் போட அவர்களிடம் இப்போது என் காசே இருக்கிறது.

போனில் என் பெயரைக் கேட்டதும் அங்கே பேசியவன் தமிழுக்கு மாறினான். “அண்ணா, என் பொண்ணும் தமிழ்ப் பள்ளிக்குத்தான் போறா.” அதோடு நான் விழுந்துவிட்டேன். அப்புறம் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்றால் என்ன என்று பாடமே எடுத்தான். 1914-இல் கிளீவ்லாந்தில் ஒரு வங்கிக்காரர் தொடங்கி வைத்தது, உள்ளூர்க்காரர்கள் கொடுத்த பணத்தை ஒன்றாக வைத்து உள்ளூருக்கே செலவழிப்பார்கள், அதனால் ‘கவுன்ட்டி மக்களுக்கு என்ன நன்மை’ என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றான். அவ்வளவும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். “உள்ளே எனக்கு ஆள் தெரியும், மானியம் வரலைன்னா முழுப் பணமும் வாபஸ்” என்றதையும் அந்த வரிசையிலேயே சேர்த்து நம்பிவிட்டேன்.

எழுதித் தர 1,500. ‘தகுதிச் சரிபார்ப்பு’ என்று தனியாக 350. கார்டு வேண்டாம், வங்கிச் செயலியிலிருந்து நேராக அனுப்புங்கள் என்றான். அன்று மாலையே அனுப்பினேன். மூன்று ஆண்டு விழாக்களில் வடையும் சமோசாவும் விற்றுச் சேர்த்த பணம் அது.

நான்கு வாரம் ‘தயாராகிக்கொண்டிருக்கிறது அண்ணா’. கடைசித் தேதிக்கு முந்தின இரவு கோப்பு வந்தது. முதல் பக்கத்தில் வேறு ஒரு கவுன்ட்டியின் பெயர். சரி, அவசரத்தில் விட்டிருப்பான் என்று புரட்டினால் மூன்றாம் பக்கத்தில், நாங்கள் கடந்த ஆண்டு 214 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம்! பட்ஜெட்டில் கூண்டு வாங்கச் செலவு. எங்கள் பெரியவர்களைப் பற்றி மொத்தம் இரண்டு வரி, அதுவும் நான் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து அப்படியே எடுத்தது.

உடனே கூப்பிட்டேன். “அது டெம்ப்ளேட் சார், நீங்களே மாத்திக்கலாம்.” அண்ணா அங்கேயே சார் ஆகிவிட்டார். மறுநாள் போனை எடுக்கவில்லை. தேதி போய்விட்டது. பிறகு ஒரு புகார் எண் தந்தார்கள். வேறு யாரோ ஒரு பெண் பேசி மேலாளரிடம் சொல்வதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து இன்னொருவர் முதலிலிருந்து கதை கேட்டார். நேற்று வந்த பதில்: மானியம் மறுக்கப்பட்ட கடிதத்தைக் காட்டினால்தான் பணம் வாபஸ், நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையாதலால் மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாய்த் தடுப்பூசியோடு விண்ணப்பித்துத் தோற்றிருக்க வேண்டுமாம்.

வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். நானே அனுப்பியதாம்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் ஃபவுண்டேஷனுக்கே போன் செய்தேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும், தெரிகிறது, திட்டாதீர்கள். மானியத்தைக் கவனிக்கும் அம்மா அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. எழுதும் முன் கூப்பிட்டால் திட்டம் பொருந்துமா என்று அவரே சொல்லியிருப்பாராம். அந்த 350 டாலர் ‘தகுதிச் சரிபார்ப்பு’ இருக்கிறதே, வரித்துறையின் தளத்தில் எங்கள் அமைப்பின் பெயரைத் தட்டினால் பதிவு இருப்பது இலவசமாகவே தெரிகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் ஃபவுண்டேஷனுக்குப் போன் செய்யுங்கள். ஐயாயிரம் டாலருக்கு மேல் எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவர்கள் வரித்துறைக்குப் போடும் 990 படிவத்திலேயே இருக்கும், எவரும் பார்க்கலாம்; உங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘உள்ளே ஆள்’ என்றால் போனை வையுங்கள். கிடைத்ததில் சதவீதம் கேட்பவனும் வேண்டாம், நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்களின் சங்கமே அதைக் கூடாது என்கிறது. பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கொடுங்கள், கார்டு நிறுவனத்திடம் தகராறு செய்யவாவது வழி இருக்கும். நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யில் புகார் போட்டிருக்கிறேன், 1,850 டாலர் திரும்பும் என்ற நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். ‘நாய்த் தடுப்பூசி’ என்று போடுங்கள் என்கிறாள் மனைவி.