மறுதாம்பா, புதுக்கரணையா? கல்லீரலைச் சரிசெய்வது யார்?

டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம் கரும்பு வெட்டிய குடும்பங்களுக்கு இது சொல்லாமலே புரியும். வெட்டிய பிறகும் கட்டை மண்ணிலேயே கிடக்கும். அடுத்த பயிர் அதிலிருந்தே கிளம்பும். அதுதான் மறுதாம்பு. நாலைந்து வெட்டுக்கு மேல் விளைச்சல் தேய்ந்துபோனால், கட்டையை உழுது தள்ளிவிட்டுப் புதுக்கரணை ஊன்ற வேண்டும். கல்லீரலை வைத்து விஞ்ஞானிகள் போட்ட நெடுநாள் சண்டையும் ஏறக்குறைய இதுதான். இருக்கிற செல்களே தழைக்கின்றனவா, வேறு செல்களைப் பிறப்பிக்கக்கூடிய மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் ஒளிந்திருந்து வந்து புதிதாக முளைக்கின்றனவா?

எனக்கு இந்தச் சண்டையை இழுத்து வந்தவர் மாமா. அவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி முடிச்சு முடிச்சாகிப்போகும் நோய். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் ஒன்றை நீட்டி, "ஏண்டா, நீ லேப்லதானே இருக்கே? இந்த ஸ்டெம் செல் ஊசி போட்டா ஈரல் புதுசா முளைக்குமாமே?" என்றார்.

முதலில் மறுதாம்புக் கட்சி. இதன் பலமான சாட்சி 1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் செய்த சோதனை. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடை வந்துவிடும். ஆனால் வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை. மிச்சமிருக்கும் மடல்கள்தான் பருக்கின்றன. கரும்பு உவமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டுகிறது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தைச் செய்வது, மருந்தை முறிப்பது என்று அன்றாடம் உழைக்கிற அதே செல்கள்தான் இரண்டாகப் பிரிகின்றன. எத்தனை தடவை பிரியும்? பரம்பரைக் கல்லீரல் நோயுள்ள சுண்டெலிகளில், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று செல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குறைந்தது 69 முறை இரட்டித்தன என்று 1997இல் கணக்குச் சொன்னார்கள். இதைச் செய்கிற செல்லுக்கு ஸ்டெம் செல் எதற்கு?

வெட்டு, காயம் எதுவும் இல்லாத சாதாரண நாளிலும் செல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பன்-14ஐ வைத்து 2022இல் அளந்தார்கள். ஆளுக்கு இருபது வயதோ எண்பதோ, அவர் கல்லீரலின் சராசரி வயது மூன்று ஆண்டுக்கும் குறைவு. இந்த அன்றாட வேலையைச் செய்வது மைய ரத்தக்குழாயை ஒட்டிய ஒரு தனி ஸ்டெம் செல் கூட்டம் என்று 2015இல் ஒரு வாதம் கிளம்பியது. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகள், இல்லை, நடுவட்டாரச் செல்கள்தான் அதிகம் பிரிகின்றன என்றன. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. பனாடோவை, அதாவது பாராசிட்டமால் மாத்திரையை, அளவு மீறி விழுங்கினால் வெந்துபோவது மைய ரத்தக்குழாயின் பக்கம். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் தாக்குவது எதிர்ப்பக்கம். இரண்டிலிருந்தும் தள்ளி, நடுவில் இருப்பவன் பிழைத்துக்கொள்கிறான்.

சரி, புதுக்கரணைக் கட்சிக்கு வருவோம். 1956இல் ஃபார்பர், எலிக் கல்லீரலில் முட்டை வடிவச் சிறு செல்களைக் கண்டு 'ஓவல் செல்' என்று பெயர் வைத்தார். அவை பித்தக்குழாய்களின் நுனிப் பக்கத்திலிருந்து கிளம்புபவை. 2014இல் செல்களுக்கு நிறக்குறி வைத்துப் பின்தொடர்ந்தபோது, அவற்றிலிருந்து கல்லீரல் செல் உருவானதாக அநேகமாக எதுவும் தேறவில்லை. கட்சி காலி என்று நினைத்தார்கள். ஆனால் 2017இல் எடின்பரோ குழு, கல்லீரல் செல்கள் பிரிவதையே முதலில் தடுத்துவிட்டுப் பிறகு காயப்படுத்திப் பார்த்தது. அப்போது பித்தக்குழாய்ச் செல்கள் உண்மையாகவே கல்லீரல் செல்களாக மாறின. ஆக, கட்டை செத்தால்தான் கரணை.

மனிதர்களில் இதன் சாயலை நான் ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். கெரட்டின் 19 சாயம் போட்டால் பித்தக்குழாய்கள் பழுப்பாகத் தெரியும். நல்ல கல்லீரலில் ரத்தக்குழாயோரம் ஒன்றிரண்டு பழுப்பு வளையம், அவ்வளவுதான். சிரோசிஸில் ஒவ்வொரு முடிச்சின் விளிம்பிலும் பழுப்பு இழைகள் கன்னாபின்னாவென்று பின்னிக் கிடக்கும். உதவிக்கு வந்த கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டம் பெருகிய இடத்தில் தழும்பும் பெருகியிருக்கும். அதனால் இழைகளைக் கண்டதும் சந்தோஷப்பட முடிவதில்லை.

மூன்றாவதாக எலும்பு மஜ்ஜைக் கட்சி ஒன்று இருந்தது. மஜ்ஜைச் செல் கல்லீரல் செல்லாகிறது என்று 2000 வாக்கில் பெரிய பேச்சு. அப்புறம் 2003இல் பார்த்தால், அது மாறவில்லை. ஏற்கெனவே இருந்த கல்லீரல் செல்லோடு ஒட்டிக் கலந்திருக்கிறது!

மாமா காட்டிய ஊசி விளம்பரம் இந்த மூன்றாவது கட்சியின் வாரிசு. பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரை வைத்து இதை முறையாகச் சோதித்தார்கள். மஜ்ஜைச் செல்களைத் தூண்டி ரத்தத்துக்கு வரவைப்பது ஒரு வழி, அவற்றைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றுவது இன்னொரு வழி. வழக்கமான சிகிச்சையைவிட இரண்டுமே மேலாக இல்லை என்று 2018இல் முடிவு வந்தது. மறுதாம்போ கண்ணெதிரே வேலை செய்கிறது. 2017இல் ஜோகன்னஸ்பர்க்கில் எச்ஐவி உள்ள ஒரு தாய், எச்ஐவி இல்லாத தன் குழந்தைக்குக் கல்லீரலில் ஒரு துண்டு கொடுத்தார். வைத்த துண்டு குழந்தையோடு சேர்ந்து வளரும்; தாயிடம் மிஞ்சியதும் பருக்கும். ஸ்டெம் செல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ உன் ஈரல்ல பாதி வெட்டிக் குடுத்தா உனக்குத் திரும்ப வளந்துடும்னு சொல்றே" என்றார்.

என் ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்பது அவருக்குத் தெரியும்.