எடை மெஷினா, இன்ச் டேப்பா?

முப்பது வயதில் 68 கிலோ, ஐம்பதிலும் அதே 68 கிலோ. ஒரு கிலோகூட ஏறவில்லை என்று மகிழும் முன் பழைய பேன்ட்டைப் போட்டுப் பாருங்கள். பட்டன் மாட்டவில்லையென்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். மெஷினுக்கு இரண்டும் வெறும் கிலோதான்.

எடை மெஷின் சின்ன மாற்றத்தையும் காட்டிவிடும், தொல்லையும் அதுதான். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். உப்பு கூடினாலும் நீர் கோக்கும். ஆகவே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் 'ரெண்டு கிலோ போச்சு' என்பதில் பெரும்பங்கு தண்ணீர். காலையில் கழிப்பறை போய்வந்த பின், வெறும் வயிற்றில், வாரம் மூன்று நாள் பார்த்துச் சராசரியை எழுதிவைத்தால் போதும்.

பிஎம்ஐ என்பது அதே எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண். 165 செ.மீ. உயரத்துக்கு 68 கிலோ என்றால் சுமார் 25. ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை இதுவும் சொல்லாது.

அங்கேதான் டேப் ஜெயிக்கிறது. இன்சுலின் எதிர்ப்போடும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை), டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் ஏற்றத்தோடும் நெருங்கிய தொடர்புடையது, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது: 165 செ.மீ.க்கு 82.5. பலரும் பெல்ட் கட்டும் இடத்தில், தொப்பைக்குக் கீழே அளந்து ஏமாறுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, சட்டையில்லாமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும், தோலை அழுத்த வேண்டாம். இரண்டு முறை அளந்து 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கவும். மாதம் ஒருமுறை போதும்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் ஸ்மார்ட் மெஷின் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி, தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். இதற்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

டேப்புக்கும் எட்டாததை ரத்தப் பரிசோதனை சொல்லும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150 தொட்டால் வயிறு ஒட்டியிருந்தாலும் கவனம் தேவை. மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடக்கூடும்.

நடுவயதில் என் ஓட்டு டேப்புக்கே. 65 தாண்டியவர்கள் மட்டும் மெஷினைப் பரணில் போட வேண்டாம். முயற்சியே இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் 5 சதவீதம், அதாவது 68-ல் சுமார் மூன்றரை கிலோ குறைந்தால், இடுப்பு சுருங்கியதே என்று சந்தோஷப்படாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.